வேகவைத்த மாதிரி

ஒரே வீட்டில் இரண்டு சமையல்காரர்கள் இருந்தார்கள். கணவன் மனிதர்களுக்குச் சமைத்தான். மனைவி கிருமிகளுக்குச் சமைத்தாள். அவன் சமைத்ததை நூற்றிருபது பேர் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள். அவள் சமைத்ததைச் சாப்பிட்டவை பதிலுக்கு நாற்றத்தை மட்டுமே கொடுத்தன.

பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில், கழிவறைக்கும் குப்பை அறைக்கும் நடுவே, ஒற்றை ஜன்னல் வைத்த நீளமான அறையில் அவளுக்கு வேலை. அங்கே மீடியா காய்ச்சுவார்கள். மீடியா என்பது கிருமிக்கான சோறு. இறைச்சிச் சாற்றை உலர்த்திய பொடி, பித்தநீர் உப்பு, சர்க்கரை, சாயம், கடற்பாசிப் பசை என்று எல்லாவற்றையும் அளந்து தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, வட்டத் தட்டுகளில் ஊற்றினால், ஆறியதும் வழுவழுவென்று உறைந்து நிற்கும். டப்பாவின் மூடியைத் திறந்த உடனே பொடி புகையாக எழும்பும். மூக்கில் ஏறியது மாலைவரை இறங்காது. நனைந்த நாயின் வாடையும் ஊசிப்போன எலும்புச் சாற்றின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையின் மேற்கூரையில் படிந்துகொண்டு, குடிக்கிற தேநீரையெல்லாம் கெடுக்கும். பதினோரு வருடங்களாக அவள் அந்த வாடையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்த டெக்னீஷியன் ஒரு கதை சொல்லுவார். ஒரு ராஜாவின் நாட்டில் ஒரு திருடன் இருந்தானாம். ஊரைக் கூட்டிவைத்துத் தேடினால் அவன் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். ராஜா யோசித்து ஒரு விருந்து வைத்தான். சோற்றில் பொறுக்கமுடியாத ஒரு கசப்பைக் கலக்கச் சொன்னான். முதல் கவளத்திலேயே நல்லவர்களெல்லாம் முகம் சுளித்து எழுந்துபோனார்கள். கசப்பிலேயே பிறந்து கசப்பிலேயே வளர்ந்த திருடன் மட்டும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான், பிடிபட்டான். "அந்த விருந்துதான் நம்ம பச்சைத் தட்டு. திருடன் டைபாய்டு. கசப்பைச் சரியா கலக்குறவங்க நம்ம மீடியாம்மா," என்று கதையை முடித்து அவளைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

பச்சைத் தட்டுக்குத் துணையாக இளஞ்சிவப்புத் தட்டு ஒன்றும் உண்டு. அது கொஞ்சம் தாராளமான விருந்து. மனிதக் குடலில் வழக்கமாகக் குடியிருக்கிற கிருமிகள் அதில் வந்து உட்கார்ந்து, ரோஜா நிறத்தில் புள்ளிபுள்ளியாக வளரும். பச்சைத் தட்டில் கருப்பாக ஒன்றும் வளராவிட்டால் ஆள் நல்லவர். இளஞ்சிவப்புத் தட்டிலோ உயிருள்ள எந்த மனிதருக்கும் ஏதாவது வளர்ந்தே தீரும்.

வீட்டில் அவள் அடுப்படிக்குள் போவதில்லை. கல்யாணமான புதிதில் அவனுக்குத் தன் அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான் காரணமாக இருந்தது. ஊரே அவனைக் 'கைமணத்தார்' என்றுதான் கூப்பிட்டது. வெறும் பருப்பை வேகவைத்தாலும் அவன் கைபட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பெண்கள் விடுதியில் தலைமைச் சமையல்காரனாக இருந்துகொண்டு, வீட்டுக்கும் அவனே சமைத்தான். குழம்பை அகப்பையில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நக்கிப் பார்ப்பான். அந்தக் கையைத் தோள் துண்டில் துடைத்துவிட்டு அப்படியே உப்புப் பானைக்குள் விடுவான். அந்த அழகைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

போன வருடம் காரணம் மாறியது. அவர்களோடு இருந்த அவனுடைய அக்காவுக்கு மூன்று வாரம் விடாமல் காய்ச்சல் அடித்து, தலைமுடியெல்லாம் கொத்துக்கொத்தாக உதிர்ந்துபோயிற்று. எழுந்து உட்கார்ந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை நாத்தனாருக்கே உரிய வார்த்தையாக இருந்தது.

"ஊர்ப் பீயெல்லாம் ஆராய்ஞ்சிட்டு வர்ற கையால எனக்குத் தண்ணி மொண்டு கொடுத்தல்ல, அதான் வந்துது."

பதினோரு வருடத்தில் அவள் கையில் ஒரு நாளும் நகம் வளர்ந்ததில்லை. ஆனாலும், தான் கொண்டுவந்த கிருமியாக இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. அன்றிலிருந்து குடத்தையும் தொடுவதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

இந்த வருடம் மழை ஓய்ந்தபோது விடுதியில் டைபாய்டு காய்ச்சல் கிளம்பியது. முதலில் மூன்று பெண்கள், பிறகு பதினொருவர், பிறகு முப்பதைத் தாண்டியது. நாக்கில் வெள்ளை படிந்து, வாய் நாறி, அரைமயக்கத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் குடலில் ஓட்டை விழுந்து, வயிற்றைத் திறந்து தைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை அலசினார்கள், அதில் குற்றமில்லை. சமையற்கட்டில் வேலை செய்கிற ஒன்பது பேரும் மலம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது.

கைமணத்தார் அன்று சாப்பிடவே இல்லை. மூடி போட்ட அந்தச் சின்னப் பிளாஸ்டிக் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அது தன்னைக் கடிக்கப்போகிறது என்பதுபோல் தள்ளி உட்கார்ந்தான். அதற்குள் எப்படி, எதனால் எடுத்து என்று மனைவியிடம் கேட்டான். மூடியோடு ஒட்டிய கரண்டி இருக்கிறது, சுண்டைக்காய் அளவு போதும் என்று அவள் சொன்னாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே காறித் துப்பினாள். மறுநாள் காலையில், அவள் குளித்துவிட்டு வருவதற்குள், நாளிதழில் சுற்றி நான்கு பைகளில் போட்டு அவன் கொண்டுபோய்விட்டான். அன்று அடுப்படியில் சர்க்கரை கருகிய மணம் இருந்ததை அவள் கவனித்தாள். பாயசம் வைத்தான்போல என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளைப் பார்த்தார்கள். ஒன்பது பச்சைத் தட்டுகளிலும் கருப்பாக ஒன்றும் இல்லை. மூத்த டெக்னீஷியன் பெருமூச்சு விட்டு, அறிக்கையில் வரிசையாகக் 'கிருமி இல்லை' என்று எழுதத் தொடங்கினார். பார்த்து முடித்த தட்டுகளை ஒழிப்பது அவள் வேலை. இளஞ்சிவப்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு வாளிக்குள் போட்டாள். ஒவ்வொன்றும் மூடி நகரும்போது ஒரு குப்பென்ற வாடையை விட்டது. ரோஜா நிறப் புள்ளிகள் வியர்த்துப் பளபளத்தன. ஏழாவது தட்டு கையில் வந்தபோது அவள் நின்றாள்.

அது துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"சார், ஏழாம் நம்பர்ல பிங்க்கும் வளரலையே," என்றாள்.

"மீடியா செத்துப்போச்சா?"

"ஒரே பாத்திரத்துல காய்ச்சினது சார். மத்த எட்டும் வளர்ந்திருக்கு."

"மாத்திரை தின்னிருப்பாரு. யாரு ஏழு?" என்று பட்டியலைப் பார்த்தவர், தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஏழு, தலைமைச் சமையல்காரர்.

அவன் எந்த மாத்திரையும் தின்னவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தபோதே, கசக்கிறது என்று பாதியில் மாத்திரையைத் தூக்கி எறிந்த ஆள் அவன். குளிர்பெட்டியைத் திறந்து ஏழாம் எண் புட்டியைத் தேடி எடுத்தாள். வெளிப்பார்வைக்கு நிறமும் குழைவும் அப்படியே இருந்தன. மூச்சை அடக்கி மூடியைத் திறந்தாள். பழக்கத்தால் அவளுடைய உடம்பு ஒரு நாற்றத்துக்குத் தயாராக நின்றது. வந்ததோ கருக்கிய சர்க்கரையின் இனிய மணம்.

பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான புட்டிகளைத் திறந்தபோது குமட்டாத வயிறு அப்போது குமட்டியது. தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

டெக்னீஷியன் புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்தது. "மனுஷன் இதுலகூடப் பக்குவம் தப்பலையே," என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழாம் எண்ணுக்கு நேரே எழுதியதை அடித்துவிட்டு, மறு மாதிரி தேவை, இங்கேயே வந்து கொடுக்கவேண்டும் என்று எழுதினார். நாளைக்குப் புதிதாகப் பச்சைத் தட்டு காய்ச்சவேண்டும் என்று தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னார். அது ஊற்றிய அன்றே பயன்படுத்தவேண்டிய சரக்கு. அந்தக் கூடத்தில் அதைக் காய்ச்சத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தகவல் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அவன் அடுப்பின் முன்னால் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். அக்கா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் பொறுக்குவதுபோல் வெறுமே தடவிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படி வாசற்படியில் நின்றாள்.

"அந்தப் புட்டில என்ன போட்டீங்க?"

அவன் திரும்பவில்லை. "பருப்பு," என்றான். "குழைய வேக வெச்சு, கடைஞ்சு, சர்க்கரையக் கருக்கி ஊத்தினேன்."

"உப்பு?"

அகப்பை நின்றது. "ஒரு சிட்டிகை. கை தானாப் போயிடுச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேக வெச்சிருக்கக் கூடாதுங்க," என்றாள். "எதையாவது பச்சையாப் பிசைஞ்சு கொடுத்திருந்தா ஏதோ ஒண்ணு முளைச்சிருக்கும். எனக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க சமைச்சுக் கொடுத்தீங்க. அடுப்புல ஏத்தினதுல எது உயிரோட இருக்கும்?"

அக்கா தம்பிக்குப் பரிந்துகொண்டு பேசினாள். சோத்தைத் தொடுகிற கை, அதைப்போய் எப்படித் தொடும். உனக்கு அது பழகிப்போய்விட்டது, உன் மூக்கு செத்துவிட்டது, அவன் சுத்தபத்தமானவன் என்று நீளமாகச் சொன்னாள். அவன் அதையெல்லாம் கேட்டுக்கொள்ளாமல் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நக்கினான். துண்டில் துடைத்தான். கையை உப்புக்குள் விட்டான்.

ஆயிரம் தடவை பார்த்ததுதான். இப்போது அந்தக் கை உப்புக்குள் அமிழ்ந்து விரல் விரலாக வெளியே வந்ததைப் பார்த்தபோது, நத்தை ஒன்று தன் நாக்கின்மேல் ஊர்ந்து இறங்குவதுபோல் அவளுக்கு இருந்தது.

"வெறும் அருவருப்புதானா? இல்ல, பயமா?" என்று கேட்டாள்.

அவன் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அந்த நாற்பது நாள் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், மாத்திரையை முழுக்கத் தின்னாவிட்டால் கிருமி பித்தப்பையில் குடியேறிவிடும், உனக்கு ஒன்றும் செய்யாது, உன் கையால் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் செய்யும் என்று அப்போதே சொன்னாராம். இரண்டு வருடம் அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் யார் அவனைக் கரண்டி பிடிக்க விடுவார்கள்?

"எனக்கு எழுத்து வராது. கணக்கு வராது. இந்தக் கையை எடுத்துட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு." பிறகு, அக்காவின் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாளைக்குப் பச்சைத் தட்டை நீதானே காய்ச்சப்போற? கொதி வந்ததும் இறக்கலைன்னா கெட்டுப்போயிடும்னு நீயே சொல்லியிருக்க. ரெண்டு நிமிஷம் கூட விடு. போதும். யாருக்கும் தெரியாது."

உண்மைதான். யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிடம் அதிகம் கொதித்தால் அந்தக் கசப்பின் வீரியம் போய்விடும். குடலில் உள்ள குப்பைக் கிருமியெல்லாம் திமுதிமுவென்று தட்டில் ஏறிக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் திருடனுக்கு நல்ல மறைவு.

"அந்தப் பொண்ணுக்கு வயித்தத் திறந்து குடலைத் தைச்சிருக்காங்க," என்றாள்.

"அது என்னாலதான்னு யார் சொன்னா?"

"அதைத்தான் தட்டு சொல்லப்போகுது. அதைச் சொல்லவிடாதேங்கறீங்க."

அன்று அவளுக்குச் சோறு போட்டார்கள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பசித்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் விடுதிக் காப்பாளர் அம்மாள் அவனை அழைத்துக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூடத்துக் கழிவறை வாசலில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அந்த அம்மாள் காவல் நின்றாள். மீடியா அறைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், அவன் ஓங்கரிக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. தன்னுடையதைத் தானே பார்க்க முடியாமல் ஓங்கரித்தான். அவள் இந்தப் பக்கம் பொடியை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக் கலவை அடுப்பில் ஏறியது. கலங்கிய குளத்துப் பாசிபோல் சுழன்றது. கிளறிக்கொண்டே நின்றாள். ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்தன. நடுவில் நுரை கூடியது. பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கொதி வந்துவிட்டது. துணியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டியவள், நீட்டிய இடத்திலேயே நிறுத்தினாள்.

சுவருக்கு அப்பால் இருக்கிறவன் கெட்டவன் அல்ல. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறவன். அவனிடமிருந்து கரண்டியைப் பிடுங்குவது மீனைத் தூக்கித் தரையில் போடுவதுபோல். ஒரு குமிழி உடைந்தது, இன்னொன்று உடைந்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு அந்தப் பெண்ணின் முகம் தோன்றியது என்றோ, கடமை நினைவுக்கு வந்தது என்றோ சொன்னால் அது அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கருக்கிய சர்க்கரையின் மணம்தான் மூக்கில் ஏறியது. அவன் தன் கைப்பக்குவத்தை வைத்து ஒரு பொய்யைச் சமைத்தான். இப்போது அவளுடைய கைப்பக்குவத்தையும் அதே பாத்திரத்தில் போடச் சொல்கிறான். எத்தனையோ அசிங்கத்தைத் தொட்ட கை அவளுடையது. இந்த அசிங்கத்தைத் தொட அதற்கு வரவில்லை.

பாத்திரத்தை இறக்கினாள். ஆறவைத்து, குமிழி விழாமல், தட்டுத் தட்டாக ஊற்றினாள்.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். வழியில் வாங்கிய ரொட்டியைத் தின்றாள். அவன் சமைத்துக்கொண்டே இருந்தான். விடுதிக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வீட்டிலேயே ஒரு கல்யாணத்துக்கு ஆகிற அளவு சமைத்தான். சாப்பிட ஆளில்லாமல் எல்லாம் ஊசிப்போய் வீடே புளித்த வாடை அடித்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுத்துப்போய்க் கொட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூத்த டெக்னீஷியன் மீடியா அறை வாசலில் வந்து நின்றார்.

"மீடியாம்மா, முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பச்சைத் தட்டை நான் பார்த்ததில்ல," என்று ஆசையோடு ஆரம்பித்தவர், யாருடைய தட்டு என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தட்டை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வேறொன்றும் முளைக்காத பச்சை வெளியில் அவை வட்ட வட்டமாக உட்கார்ந்திருந்தன. நல்ல கருப்பு. ஒவ்வொன்றைச் சுற்றிலும், தேய்த்த இரும்பின் பளபளப்பு. திருப்பிப் பிடித்தால், இருட்டுப் புதரிலிருந்து நூறு முயல்கள் ஒரே சமயத்தில் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. எண்ண முடியவில்லை. தன் வேலை நேர்த்தியாக வந்திருக்கிறது என்ற பெருமை முதலில் வந்தது. அதன் காலைப் பிடித்துக்கொண்டே குமட்டலும் வந்தது. தட்டை மூடினாள்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். இருவரும் கூடத்தில் காத்திருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாலு வாரம் மாத்திரை, ஒருவேளைகூட விடக்கூடாது. அதற்குப் பிறகு மூன்று தடவை கொடுக்கிற மாதிரி சுத்தமாக இருக்கவேண்டும். அதுவரைக்கும் விடுதியிலும் கரண்டி கிடையாது, வீட்டிலும் கிடையாது. மாத்திரையில் தீராவிட்டால் பித்தப்பையை எடுக்கவேண்டி வரும்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அக்காதான் கேட்டாள். கேட்கும்போதே அவள் கை, இன்னும் சரியாக வளராத தன் தலைமுடிக்குள் போயிற்று.

"போன வருஷம் எனக்கு வந்துதே, அது…"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவனுடைய முகத்தை அல்ல, மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அவளுடைய உதடு மெல்லக் கோணிற்று. அந்தக் கோணலை மனைவிக்கு நன்றாகத் தெரியும்; ஒரு வருடமாக அது தன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்துகொண்டாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். எழுந்து குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவினான். கழுவிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி அவளிடம் காட்டினான்.

"போதுமா?" என்றான்.

அவள் பார்த்தாள். சிவந்து, சுருங்கிப்போன கைகள். அதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மனத்தில் இரக்கம் சுரந்தது. தொண்டையில் குமட்டல் எழுந்தது. அவளுக்கு முந்திக்கொண்டு தொண்டைதான் பேசியது.

"இன்னொரு தடவை," என்றாள்.